முப்பத்தோராவது தாள்

மார்ச் 9

அன்புள்ள ஏணிக்கு,

நான் நலம். உன் நலத்தை விசாரிக்க வேண்டிய அவசியமில்லை, இன்று காலைப் பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே பார்த்துவிட்டேன். கண்ணாடி மாற்றியிருக்கிறாய். உனக்குப் பின்னால் ஒரு பெரிய படம், அதில் ஒரு நீலக் கோடு சறுக்குமரம் மாதிரி இறங்குகிறது. அதைக் கையால் காட்டிக்கொண்டு சிரிக்கிறாய். ‘கால் நூற்றாண்டில் காற்று மாசு பாதியாகக் குறைந்தது: காற்றுத் தரத் துறை இயக்குநர் பெருமிதம்.’

தேநீர்த் தம்ளரைப் பத்திரிகை மேலேயே சாய்த்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய், “என்னாச்சு, யாராவது போயிட்டாங்களா?” என்று கேட்டார். “யாரும் போகல, நம்ம ஏணி சிரிக்கிறா” என்றேன்.

பெருமிதமாம்! நீயும் நானும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம். பதினோரு வருஷம் நீ நாற்சந்தித் தீயணைப்பு நிலையத்தின் இரும்பு ஏணியில் இருபத்திரண்டு படி ஏறி, மாடியிலிருந்த மோட்டாரில் வெள்ளைத் தாளை வைத்துவிட்டு வருவாய். அது ஒரு நாள் முழுக்க ஊரின் காற்றை உறிஞ்சும். மறுநாள் அதே தாள் சாம்பல் நிறத்தில் இறங்கி வரும். வைக்கும் முன் ஓர் எடை, எடுத்த பின் ஓர் எடை, இரண்டையும் போடுவது நான். உயரம் என்றால் எனக்குக் கால் நடுங்கும், உனக்கோ ஓர் இடத்தில் உட்கார முடியாது. அதனால்தான் உனக்கு ஏணி, எனக்குத் தராசு என்று பெயர் வைத்துக்கொண்டோம். இதையெல்லாம் உனக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது பார்.

அப்படிப்பட்ட நீ அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் எப்படி நின்றாய்? பன்னிரண்டாம் வருஷம் வரை மோட்டார் இருந்தது நாற்சந்தி மாடியில். பதின்மூன்றாம் வருஷத்திலிருந்து அது இருப்பது மூன்று கிலோமீட்டர் தள்ளி, பூங்காவில், குளத்துக்கும் ஊஞ்சலுக்கும் நடுவில். உன் கோடு எங்கே சறுக்குகிறது? சரியாக அந்த இரண்டு வருஷத்துக்கும் நடுவில். நூற்றுத் தொண்ணூறு மைக்ரோகிராமிலிருந்து ஒரே தாவலில் தொண்ணூற்றெட்டு. காய்ச்சல்காரன் வாயிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரன் வாயில் வைத்துவிட்டு, காய்ச்சல் இறங்கிவிட்டது என்கிறாய். யார் காதில் பூச் சுற்றுகிறாய்?

சும்மா பெருமைக்கு என்றால்கூடத் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பேன். அதே செய்தியின் கடைசிப் பத்தியில் இருக்கிறது விஷம். காற்றுதான் சுத்தமாகிவிட்டதே, இனி நாற்சந்திச் சாலையில் லாரிகள் பகலிலும் போகலாம், ஜூலை ஒன்று முதல் தடை இல்லை என்று போக்குவரத்துக் குழு சொல்கிறது. உன் அறிக்கையைக் காட்டித்தான் சொல்கிறது. நாற்சந்தியிலிருந்து நான்காவது வீடு யாருடையது என்று உனக்குத் தெரியும். பேருந்து நிலையத்தில் முப்பது வருஷம் நேரக்காப்பாளராக நின்று புகையைத் தின்ற என் வீட்டுக்காரர் இப்போது மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். பகலில் லாரி இல்லாததால் காலை எட்டு மணிக்கு ஜன்னலைத் திறக்கிறோம், சாயங்காலம் ஐந்துக்குச் சாத்துகிறோம். அந்த ஒன்பது மணி நேரம்தான் அவருக்கு உலகம். அதையும் எடுத்துவிடாதே.

அறிக்கை இன்னும் வரைவுதான் என்று போட்டிருக்கிறது. ஒரே ஒரு வரி சேர். ‘பன்னிரண்டாம் ஆண்டு முடிவில் அளவிடும் இடம் மாற்றப்பட்டது.’ ஆறே சொல். இதைத் தவிர உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன்.

தொலைபேசியில் கூப்பிட்டால் உன் உதவியாளர், “மேடம் மீட்டிங்ல இருக்காங்க” என்கிறார். மூன்று தடவை கூப்பிட்டும் அதே மீட்டிங். அதனால் பழைய வழிக்கே வந்துவிட்டேன். பதினோரு வருஷமும் தாள் உறைக்குள் சீட்டு வைத்துத்தானே நாம் பேசிக்கொண்டோம்.

என்றும் உன்,
தராசு

---

மார்ச் 18

என் அன்புத் தராசுக்கு,

கோபத்தில்கூட உன் கையெழுத்து கோணவில்லை. பார்த்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது, அப்புறம்தான் படித்தேன்.

அண்ணனுக்குக் குழாய் வைக்கும் அளவுக்கு ஆனது எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தப்பு என் பேரில்தான் அதிகம். எனக்குத் தெரிந்த நல்ல நுரையீரல் மருத்துவர் ஒருவர் இருக்கிறார், அவருடைய எண்ணை இதோடு வைத்திருக்கிறேன். என் பெயரைச் சொன்னால் காக்க வைக்க மாட்டார்.

இனி உன் கோபத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் பொய் என்று ஒதுக்கிவிடாதே. கரும்புகை கக்கிய பழைய பேருந்துகள் இன்று இல்லை. ஆற்றோரம் இருந்த இரண்டு இரும்பு உருக்கு ஆலைகளும் மூடிவிட்டன. பெட்ரோலில் ஈயம் கிடையாது. இவை தானாக நடக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மேசை முன்னால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன் என்று உனக்குத் தெரியாது. நீ கேட்கும் வரியைப் போட்டால் நாளைக்குப் பத்திரிகைக்காரர்கள் அதை மட்டும்தான் பிடித்துக்கொள்வார்கள். நடந்த நல்லதும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

தவிர, இடம் மாறியதை நாங்கள் மறைக்கவில்லை. பின்னிணைப்பு மூன்றில், பதினான்காம் அட்டவணையின் அடிக்குறிப்பைப் பார். ‘நிலையக் குறியீடு 01 என்பது 01அ எனத் திருத்தப்பட்டது’ என்று தெளிவாக இருக்கிறது. லாரி விஷயம் என் துறையே இல்லை. அவர்கள் எங்கள் அறிக்கையை எப்படிப் படிக்கிறார்கள் என்பதற்கு நான் பொறுப்பாக முடியாது.

ஆகஸ்டில் எனக்கு ஓய்வு. அதற்கு முன் அறிக்கை வெளியீட்டு விழா. முதல் வரிசையில் உனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். நன்றியுரையில் உன் பெயர் இருக்கிறது, நானே எழுதிச் சேர்த்தேன். கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு வா.

உன்,
ஏணி

---

மார்ச் 22

அன்புள்ள ஏணிக்கு,

மருத்துவர் எண்ணுக்கு நன்றி. நாங்கள் பார்க்கும் மருத்துவரே போதும். அவரும் நல்லவர்தான், யார் பெயரையும் சொல்லாமலே பார்க்கிறார்.

பின்னிணைப்பு மூன்றைத் தேடிப் படித்தோம். என் வீட்டுக்காரர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அந்த அடிக்குறிப்பைக் கண்டுபிடிக்க இருபது நிமிஷம் ஆனது. படித்துவிட்டு, “மாசு பாதியாயிடுச்சாம். இதை யாராவது என் நுரையீரல் கிட்ட எடுத்துச் சொன்னா தேவல, அது இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கு” என்றார். சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறியது, கால் மணி நேரம் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

ஏணி, அந்த ‘அ’ என்ற ஒற்றை எழுத்துக்குள் மூன்று கிலோமீட்டரையும் ஒரு நாற்சந்தியையும் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, எந்தப் புத்திசாலியின் வேலை அது? பதின்மூன்று வருஷமாக நாற்சந்தியில் ஒருவரும் ஒரு தாளைக்கூட வைக்கவில்லை. பேருந்து மாறியது, ஆலை மூடியது, எல்லாம் சரி. அதனால் எங்கள் தெருவில் எவ்வளவு குறைந்தது? உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் பாதி என்கிறாய். லாரி என் துறை இல்லை என்கிறாய். தீப்பெட்டியை நீட்டிவிட்டு, பற்ற வைத்தது நான் இல்லை என்று கையைத் துடைத்துக்கொள்கிறாய்.

இவ்வளவு நாள் மனசுக்குள் வைத்திருந்ததைக் கேட்டுவிடுகிறேன். இடம் மாற்றினால் ஒரு வருஷமாவது பழைய இடத்திலும் புதிய இடத்திலும் சேர்த்து அளக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் ஒப்பிட முடியாது. இந்த விதியை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீ. அப்படியிருக்க, நீ துணை இயக்குநராகித் தலைமை அலுவலகம் போன எட்டாம் மாதம் நாற்சந்தி மோட்டாரை அவசர அவசரமாக இறக்கி, மறு வாரமே பூங்காவில் வைத்தாயே, ஏன்? எண் இறங்கினால் யார் கழுத்தில் மாலை விழும் என்று தெரிந்துதானே செய்தாய்? அந்த நாற்காலி உனக்கு அவ்வளவு தேவையாக இருந்ததா?

முதல் வரிசை நாற்காலி எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது அந்த ஆறு சொல்.

தராசு

---

ஏப்ரல் 2

தராசு,

நாற்காலிக்காக என்று எழுதிவிட்டாய். பத்து நாள் உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். சொல்லாமலே ஓய்வு பெற்றுவிடலாம் என்று இருந்த ஒன்றை இனிச் சொல்லாமல் இருக்க எனக்கும் மனசு இல்லை.

நான் தலைமை அலுவலகம் போன பிறகு என் இடத்துக்கு ஆள் போடவில்லை. எடை போடுவதும் நீ, ஏறுவதும் நீ என்று ஆனது. ஒரு வார்த்தை முறையிடவில்லை நீ. எட்டாம் மாதம் ஒரு மத்தியானம் அண்ணன் என் அலுவலகத்துக்கு வந்தார். நேரக்காப்பாளர் சட்டையோடு, வேலை நடுவில் ஓடி வந்திருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

“தங்கச்சி, அவ உங்கிட்ட சொல்ல மாட்டா. தினமும் கீழ்ப்படியைப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் நிக்கிறா. நேத்து பாதியில கால் வழுக்கி, ஒரு கையில தொங்கியிருக்கா. எனக்கே தீயணைப்புக்காரர் சொல்லித்தான் தெரியும். நீ ஏதாவது செய்யணும். நான் வந்தது மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது, என்னைக் கொன்னுடுவா.”

இரண்டு இடத்திலும் சேர்த்து அளப்பதென்றால் இன்னொரு வருஷம் நீ அந்த ஏணியில் ஏற வேண்டும். வேறு ஆள் கேட்டேன், மேலே கையை விரித்துவிட்டார்கள். விதியா நீயா என்று வந்தது. அன்று மாலையே உத்தரவில் கையெழுத்துப் போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் ‘நிர்வாக வசதி’ என்று எழுதினேன். உன்னைக் காப்பாற்றிய சந்தோஷத்தில் வீட்டுக்கு நடந்தே போனேன்.

அடுத்த வருஷம் தொண்ணூற்றெட்டு என்று வந்தது. கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். இது காற்றால் இல்லை, இடத்தால் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏன் மாற்றினாய், ஏன் சேர்த்து அளக்கவில்லை என்று கேட்பார்கள், உன் பெயர் வரும். மூடிக்கொண்டேன். அடுத்த வருஷம் சொல்லலாம் என்று இருந்தேன். ஒவ்வொரு வருஷமும் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. பிறகு எனக்கே அந்தக் கோடு பிடித்துப்போய்விட்டது. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பூங்காத் தாள்களைப் பதினோரு வருஷம் எடை போட்டது யார்? நீதானே? எண் பாதியானது உன் தராசில்தானே முதலில் தெரிந்தது? ஓய்வு பெற்ற பிறகும் இரண்டு வருஷம் சும்மா இருந்தாயே. உன் ஜன்னலுக்கு ஆபத்து வந்ததும்தான் உண்மை ஞாபகம் வந்ததா? என்னை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே.

இனி இதைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

ஏணி

---

ஏப்ரல் 7

ஏணி,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அவர் மடியில் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். எவ்வளவு நேரம்தான் துடைப்பார் என்று நானும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

“போனது நிஜம்தான்” என்றார்.

“எனக்காக உங்களை யார் பேசச் சொன்னா?”

“தூக்கத்துல கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடிச்சுக்குவ. விரலைப் பிரிச்சு விட்டா மறுபடி பிடிப்ப. எத்தனை நாள் பார்த்துக்கிட்டு இருக்கிறது? பஸ்ஸே முன்ன பின்ன வருது, ஒரு மெஷின் கொஞ்சம் தள்ளிப் போனா என்ன கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “அது இத்தனை வருஷமா என்னைத்தான் அளந்துகிட்டு இருந்துச்சுன்னு அப்போ தோணல” என்றார்.

அவரைத் திட்ட நான் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது.

நாற்காலிக்காக என்று எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. நீ கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். ஆமாம், எண் பாதியானது என் தராசில்தான் முதலில் தெரிந்தது. ஒவ்வோர் உறையிலும் ‘இடம்: பூங்கா’ என்று எழுதினேன். எழுதிவிட்டால் என் வேலை முடிந்தது, மேலே படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்தேன். கால் தரையில் இருக்க, இடுப்பு உயரத்தில் தாள் மாற்றுவது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அந்தச் சுகம் என் வாயை அடைத்துவிட்டது. ஜன்னலுக்கு ஆபத்து வந்த பிறகுதான் வாய் திறந்தது. அதுவும் உண்மைதான்.

ஆக, அவர் என்மேல் அன்பால் உன்னிடம் வந்தார், நீ என்மேல் அன்பால் கையெழுத்துப் போட்டாய், நான் நிம்மதியாக வாயை மூடிக்கொண்டேன். நாம் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் நல்லவர்களாக இருந்து ஊரையே ஏமாற்றியிருக்கிறோம். இதை நினைத்தால் என் கோபம் குறையவில்லை, கூடுகிறது. நாற்சந்தியில் பழக்கடைக்காரி இருக்கிறாள், பள்ளிக்கூடம் இருக்கிறது, சைக்கிள் கடைக்காரர் இருக்கிறார். அவர்கள் யாரும் நம்மிடம் அன்பு கேட்கவில்லை. அவர்கள் என்ன மூச்சு விடுகிறார்கள் என்று அளந்து சொல்ல வேண்டியதுதான் நம் வேலை, அதைத்தான் நாம் செய்யவில்லை.

அன்று ஒரு வருஷம் சேர்த்து அளந்திருக்க வேண்டும். ஒரு வருஷம் இனி முடியாது, ஜூலை வந்துவிடும். ஒரு மாதமாவது அளக்கிறேன். உபரியாக இருந்த பழைய மோட்டார் தீயணைப்பு நிலையக் கிடங்கில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டு வந்தேன். ஓய்வு பெற்ற அன்று ஆய்வுக்கூடத்திலிருந்து நான் செய்த ஒரே திருட்டு ஒரு பெட்டி வெள்ளைத் தாள். ஏன் எடுத்தேன் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

நாளைக் காலை ஏறுகிறேன்.

தராசு

---

மே 12

ஏணி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை, முதலில் செய்தியைச் சொல்கிறேன்.

முப்பது நாள், முப்பது தாள். நிலைய அதிகாரி முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்து, “அம்மா, உங்களுக்கு வயசென்ன?” என்றார். “உங்க இரும்பு ஏணியை விட ரெண்டு வயசு கம்மி” என்றேன். இடுப்பில் ஒரு வாரைக் கட்டி, கயிற்றின் மறுமுனையை மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். எரிகிற வீட்டிலிருந்து ஆளை இறக்குகிறவர்கள் எரியாத மாடிக்கு ஒரு கிழவியை ஏற்றினார்கள். ஒன்பதாம் படியில் தினமும் கண்ணை மூடிக்கொள்வேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதே, முப்பதாம் நாளும் அதே பயம்தான்.

எடையைத் தெருமுனை நகைக்கடையில் போட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற தராசு, மில்லிகிராம் வரை சொல்லும். ஒவ்வொரு தாளையும் ஈரம் உறிஞ்சும் நீல மணிகள் போட்ட டப்பாவில் ஒரு நாள் முழுக்க உலர வைத்த பிறகுதான் தட்டில் வைத்தேன், நம் முறைப்படி. நகைக்கடைக்காரர் முதல் தாளைப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, அடுப்புக்கரியா?” என்றார். “உங்க கடை வாசல்ல நேத்து இருந்த காத்து” என்றேன். அதன் பிறகு தினமும் அவரே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மாடியில் முப்பது நாள் சராசரி நூற்று எழுபத்திரண்டு. அதே நாள்களில் பூங்கா வாசல் பலகையில் உங்கள் துறை காட்டிய சராசரி தொண்ணூற்று நான்கு. ஒரே ஊர், ஒரே மாதம், இரண்டு இடம். கோட்டின் சறுக்கல் எங்கிருந்து வந்தது என்று இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நான் தராசு என்பதால். பன்னிரண்டாம் வருஷம் இதே மாதத்தில் மாடியில் நூற்றுத் தொண்ணூறு. பழைய நோட்டில் பார்த்தேன். ஆக, பதினெட்டு குறைந்திருக்கிறது. அந்தப் பதினெட்டு நீ மாற்றிய பேருந்துகள், நீ மூட வைத்த ஆலைகள். உன்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அதில் ஒன்றைக்கூட நான் குறைக்க மாட்டேன். அது உன்னுடையது, அதற்காக நீ எங்கு வேண்டுமானாலும் நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் பதினெட்டு பாதி இல்லை. ஒரு மாதத்தை வைத்து ஒரு வருஷத்தைச் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும், அதையும் எழுதியிருக்கிறேன்.

எண்கள் முழுவதையும் இதோடு வைத்திருக்கிறேன். வரைவின் மேல் கருத்துச் சொல்லும் நாள் மே இருபதோடு முடிகிறது. இதை என் கருத்தாக எடுத்துக்கொள். வரியைச் சேர்.

உன்,
தராசு

---

மே 25

அனுப்புநர்: இயக்குநர், காற்றுத் தரத் துறை
பெறுநர்: ஆய்வக உதவியாளர் (ஓய்வு)

பொருள்: வரைவு அறிக்கை – கருத்துரை பெறப்பட்டது – தொடர்பாக.
பார்வை: தங்களின் மே 12 நாளிட்ட மடல்.

பார்வையில் காணும் தங்களின் மடல் பரிசீலிக்கப்பட்டது. மடலில் குறிப்பிடப்பட்டுள்ள அளவீடுகள் அங்கீகரிக்கப்படாத கருவியைக் கொண்டு, அங்கீகரிக்கப்படாத இடத்தில், அங்கீகரிக்கப்படாத நபரால் மேற்கொள்ளப்பட்டவை என்பதால், அவற்றை ஏற்க இயலாது எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. தங்களின் அக்கறைக்கு நன்றி.

(ஒப்பம்)
இயக்குநர்

---

மே 28

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

தங்கள் மடல் கிடைத்தது. இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் என்னைத் ‘தாங்கள்’ என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. மரியாதைக்கு நன்றி.

அங்கீகரிக்கப்படாத கருவி என்கிறீர்கள். அதன் அடியில் துறையின் முத்திரை இன்னும் அழியாமல் இருக்கிறது. அங்கீகரிக்கப்படாத இடம் என்கிறீர்கள். பன்னிரண்டு வருஷம் ஊரின் காற்றுக்கு ஒரே கணக்கு அங்கேதான் இருந்தது. அங்கீகரிக்கப்படாத நபர் என்கிறீர்கள். என் வீட்டுக்காரரிடம் அதை வாசித்துக் காட்டவில்லை, தங்கச்சி மறுப்பு எழுதியிருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு உங்கள்மேல் இன்னும் பிரியம் இருக்கிறது, நான் ஏன் அதைக் கெடுக்க வேண்டும்?

என் முழங்கால் இனி ஏறாது. மோட்டார் மாடியிலேயே இருக்கிறது. முப்பத்தோராவது தாளை உலர வைத்து, எடை போட்டு, உறையிலிட்டு, நிலைய அதிகாரியின் மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன். அங்கீகாரம் உள்ளவர்கள் யாருக்காவது சந்தேகம் இருந்தால் ஏறி வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜூலை ஒன்றாம் தேதி காலை நான் ஜன்னலைத் திறக்க மாட்டேன். அவர் ஏன் என்று கேட்பார். ஊரில் காற்று சுத்தமாகிவிட்டது, அதனால்தான் சாத்தி வைத்திருக்கிறேன் என்று சொல்வேன்.

இதுதான் என் கடைசிக் கடிதம்.

ஆய்வக உதவியாளர் (ஓய்வு)

---

(தாள் உறையின் மேல்)

தாள் எண்: 31
இடம்: நாற்சந்தி, தீயணைப்பு நிலைய மாடி
மோட்டார் ஓடத் தொடங்கியது: ஜூன் 4, காலை 8.10
நிறுத்தியது: ஜூன் 5, காலை 8.10
ஏறியவர்: ஏணி
எடை போட்டவர்:

(உறைக்குள் ஒரு சீட்டு)

ஜூன் 5

தராசு,

அந்த மே 25 மடலை உதவியாளர் தயார் செய்தார், நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். படித்துத்தான் போட்டேன். ‘நபர்’ என்ற வார்த்தை வந்த இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது, பிறகு ஓடிவிட்டது.

நேற்றுக் காலை காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நாற்சந்திக்கு நடந்து வந்தேன். நிலைய அதிகாரி உன் உறையை எடுத்துக் கொடுத்து, “அவங்க சொன்னாங்க, யாராவது வருவாங்கன்னு. ஆனா நான் நம்பல” என்றார். கயிறு கட்டவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான்காம் படியிலேயே கட்டச் சொல்லிக் கத்தினேன். பதினோரு வருஷம் ஓடி ஓடி ஏறிய ஏணி அது.

தாளை வைத்துவிட்டுத் திரும்பியபோது உன் வீட்டு ஜன்னல் தெரிந்தது. அண்ணன் உட்கார்ந்திருந்தார். மூக்குக் குழாய் அங்கிருந்தே தெரிந்தது. மேலே பார்த்தார், என்னை அடையாளம் கண்டுகொள்ள அவருக்கு நேரமே ஆகவில்லை. கையைத் தூக்கி, மணிக்கட்டில் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். தாமதமாக வந்த பேருந்தின் ஓட்டுநரிடம் எப்படிக் காட்டுவாரோ அப்படி. நான் மாடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இன்று தாளை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகம் போனேன். அடிக்குறிப்பில் இல்லை, முதல் பக்கத்தில், அந்தக் கோட்டுக்கு நேர் கீழே எழுதிவிட்டேன். ‘பன்னிரண்டாம் ஆண்டு முடிவில் அளவிடும் இடம் என் உத்தரவால் மாற்றப்பட்டது. இரு இடங்களிலும் சேர்த்து அளக்கப்படவில்லை. எனவே இந்தக் கோட்டின் இரு பகுதிகளையும் ஒப்பிடக் கூடாது.’ உன் ஆறு சொல்லை விட அதிகமாகிவிட்டது. போக்குவரத்துக் குழுவுக்கும் ஒரு படி அனுப்பினேன். பத்திரிகைக்கும் அனுப்பினேன்.

மத்தியானமே மேலிருந்து ஆள் வந்தார். ‘என் உத்தரவால்’ என்பதை எடுத்துவிட்டுத் ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று போடச் சொன்னார். எடுத்தால் என் கையெழுத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். விசாரணை இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஓய்வு விழா இருக்காது, முதல் வரிசையும் இருக்காது. உன் பெயரும் அண்ணன் பெயரும் எங்கும் வராது. கையெழுத்து என்னுடையது, நீ ஓடி வந்து பங்கு கேட்காதே.

லாரி நிற்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லச் சொன்னவள் நீதான். துறையில் எடை போட்டு எடுத்து வந்த முப்பத்திரண்டாம் தாளை வைத்துவிட்டு வந்திருக்கிறேன், நாளையும் வருவேன்.

இந்த முப்பத்தோராவது தாள் நன்றாகவே கறுத்திருக்கிறது. முதல் எடை உன்னிடம்தான் இருக்கிறது. உலர வைத்து, எடை போட்டுச் சொல்.

ஏணி